மச்சானுக்கு, ஜீப்பை உயர்த்திய விவரம்

பாசத்துக்குரிய ஷாகுல் மச்சானுக்கு, வெள்ளிக்கிழமைதோறும் உங்களை அடக்கிய கபர் பக்கம் நின்று சொல்கிற ஸலாமை இன்று எழுத்திலும் சொல்லிக்கொள்கிறேன்.

நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் உங்களுக்கென்று சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். "அக்கா மாப்பிள்ளையப் பத்தி நீதான எழுதணும், கபீரு" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நல்லவர், வல்லவர், ஐந்து நேரமும் தொழுதவர், மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் முப்பது வருஷம் ஒருவரிடமும் கெட்ட பேர் வாங்காமல் வேலை பார்த்தவர் என்று எழுதிக்கொண்டே போனால் பக்கம் தானாக நிறைந்துவிடும். எனக்கு அதில் மனசில்லை. நான் உங்கள் ஜீப்பைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

தமிழில் எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. ஷார்ஜாவில் இருக்கும் உங்கள் மகள் இதைப் படிக்க மாட்டாள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டத் தெரியாது. அவளுக்கு மலையாளம்தான் ஓடும். இதில் உள்ள சில விஷயங்கள் அவளுக்குத் தெரியாமல் இருப்பது நல்லது.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஜீப்பை உயர்த்திவிட்டேன், மச்சான். ஏழு அங்குலம். இப்போது பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். ஏன் அடித்துக்கொள்வீர்கள் என்பது எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது.

வெளியாட்களும் படிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. அக்காவுக்கு, அதாவது உங்கள் ஜமீலாவுக்கு, சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்தி ஏழு வருஷம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். தோப்பும்படிப் பாலம் ஏறி, வெலிங்டன் தீவைக் கடந்து, எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் காலை ஆறு மணிக்குப் படுக்கையில் இருக்க வேண்டும். நேரம் தப்பினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். ஒரு தடவை தவறினால் முகம் வீங்கும். இரண்டு தடவை தவறினால் மூச்சு முட்டும்.

உங்கள் வீடு இருக்கும் சந்தோ கால்வாயை ஒட்டியது. கார்த்திகை பிறந்தால் மாசி வரைக்கும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், விடியற்காலையில் கடல் கால்வாய் வழியாக ஏறிச் சந்துக்குள் வந்துவிடும். வேலியேற்றம் என்பார்கள் இங்கே. அதற்கு மழை தேவையில்லை. நாலரைக்கு வந்தால் ஒன்பது மணிக்குத்தான் இறங்கும். உப்புத் தண்ணீர் என்பதால் ஆட்டோக்காரர்கள் சந்து முனையோடு நின்றுவிடுவார்கள். அந்த நாட்களுக்காகத்தான் நீங்கள் அந்தப் பழைய பெட்ரோல் ஜீப்பை விற்காமல் வைத்திருந்தீர்கள். நான்கு சக்கரமும் இழுக்கும், சேற்றில் நிற்காது, கல்யாணத்துக்கு முன்பிருந்தே உங்களோடு இருக்கிறது.

அப்படிப்பட்ட ஜீப்பை நீங்களே கெடுத்தீர்கள் என்று நான் நினைத்தேன். ஸ்பிரிங்கில் அடுக்கடுக்காக இருக்கும் இரும்புப் பட்டைகளில் ஒன்றை ஒரு வருஷம் கழற்றினீர்கள். அடுத்த வருஷம் இன்னொன்று. அப்புறம் பெரிய டயரைக் கொடுத்துவிட்டுச் சின்ன டயர் மாட்டினீர்கள். பக்கத்தில் கால் வைத்து ஏறும் படியை வெட்டி, இன்னும் கீழே இறக்கி ஒட்டினீர்கள். ஊரெல்லாம் ஜீப்பை உயர்த்துகிறது, நீங்கள் மட்டும் உட்காரவைத்தீர்கள். நான் எத்தனை கிண்டல் செய்தேன். "என்ன மச்சான், ஜீப்ப ஆட்டுக்குட்டி ஆக்கிட்டீங்க, இனி கயிறு கட்டித்தான் கூட்டிட்டுப் போகணும்" என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். நீங்கள் சிரித்துக்கொண்டே சாயா குடித்தீர்கள். ஒரு வார்த்தை காரணம் சொல்லக்கூடாதா?

போன வருஷம் அந்தக் காலையில் வண்டியை ஓட்டியது நான்தான். விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்தவருக்கு நெஞ்சு வலி என்று அக்கா போன் செய்தாள். நான் ஓடி வருவதற்குள் சந்தில் தண்ணீர் நின்றது. உங்களை முன் சீட்டில் சாய்த்து உட்காரவைத்து எடுத்தேன். பத்து வீடு தாண்டவில்லை. எஞ்சினுக்கு முன்னால் இருக்கும் விசிறி தண்ணீரை அள்ளி வயர்கள் மேல் அடித்தது, வண்டி நின்றது. பாலித்தீன் கட்டியிருந்தும் நின்றது. நான் சாவியைத் திருப்புகிறேன், அது இருமுகிறது, நிற்கிறது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அந்தப் பட்டையக் கழட்டாம இருந்திருந்தா இந்நேரம் பாலம் ஏறியிருப்போம்" என்று கத்தினேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். "அக்காட்ட இதச் சொல்லாத" என்றீர்கள்.

நெஞ்சு வலியின் கடுமையை அக்காவிடம் சொல்லாதே என்கிறீர்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். நாலைந்து பேர் வந்து தள்ளி, சந்து முனையில் ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது. அதற்கு முன்பே பாலத்தின் மேல் உங்கள் கை என் கையை விட்டுவிட்டது.

ஜனாஸா எடுத்த அன்று வீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. நானே சொல்கிறேன். கூடத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள், பாதிப் பேர் நம் சங்கத்துக்காரர்கள். நான் அத்தனை பேர் காதிலும் விழச் சொன்னேன்: "புத்தியில்லாம வண்டியத் தாழ்த்தினாரு. அதனாலதான் போனாரு. உயரமா இருந்திருந்தா பிழைச்சிருப்பாரு." அக்கா உள்ளறையில் இருந்தாள். திரைதான் இடையில். அவள் அழுதுகொண்டிருந்தது சட்டென்று நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

நாலு மாதம் பத்து நாள் அவள் விதவைக்கு உரிய இத்தாவில் வீட்டோடு இருந்தாள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் வெளியே வந்தாள். அது முடிந்து மழையும் முடிந்தது. நான் நாட்காட்டியில் அமாவாசைகளைப் பார்க்க ஆரம்பித்தேன். இந்த வருஷம் அந்தத் தண்ணீரில் இன்னொருவரைப் பறிகொடுக்க மாட்டேன் என்று முடிவெடுத்து ஜீப்பைத் தோப்பும்படிக்குக் கொண்டுபோனேன்.

ஜோசி சேட்டனை உங்களுக்குத் தெரியும், மீன் ஹார்பர் பக்கத்தில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறவர். பட்டைகளை உங்களுக்குக் கழற்றித் தந்தவரும் அவர்தான். தமிழ் பேசுவார், பாதி மலையாளத்தில். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்து எனக்குப் பாடம் நடத்தினார். ஜீப்பை உயர்த்த எத்தனை வழி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு பிடித்துத் தொங்கும் ஷாக்கிளை நீளமாக மாற்றலாம். அதனால் ஒன்றரை அங்குலம்தான் கிடைக்கும், ஸ்டியரிங்கும் இழுக்கும். கழற்றிய பட்டைகளைத் திரும்பப் போடலாம். இரண்டு அங்குலம் ஏறும், ஆனால் வண்டி முரடாகிவிடும், பள்ளத்தில் விழுந்தால் இடுப்பு கழன்றுவிடும். பாடியை மட்டும் ரப்பர் கட்டை வைத்துத் தூக்கலாம். பார்க்க உயரமாக இருக்குமே தவிர எஞ்சினும் விசிறியும் இருந்த இடத்திலேயே இருக்கும், தண்ணீருக்குப் பிரயோஜனமில்லை. கடைசியாக ஒன்று: சக்கர அச்சான ஆக்ஸிலுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்கை எடுத்து ஆக்ஸிலுக்கு மேலே உட்காரவைப்பது. ஒரே அடியில் ஐந்து அங்குலம். பெரிய டயரும் போட்டால் ஏழு.

"எத்ர உயரம் வேணும்னு அளந்து கொண்டு வா. சும்மா கேற்றி வெச்சா வண்டி வளைவில மறியும்" என்றார், கவிழும் என்ற அர்த்தத்தில்.

அளப்பதற்கு எனக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. நம் சந்தில் எந்த வீட்டு வாசல் சுவரைப் பார்த்தாலும் கோடு இருக்கும். தண்ணீர் எவ்வளவு வந்தது என்று தேதியோடு குறித்து வைப்பார்கள், வில்லேஜ் ஆபீசிலிருந்து ஆள் வந்தால் காட்டுவதற்கு. உங்கள் வாசல் சுவரிலும் பென்சில் கோடுகள் இருந்தன, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, ஒவ்வொன்றின் பக்கத்திலும் உங்கள் பொடி எழுத்தில் மாதமும் வருஷமும். நான் கண்ணாடி போடவில்லை. டேப்பைப் பிடித்து எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கோட்டை அளந்தேன். இருபத்திரண்டு அங்குலம். அக்கா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிக் கேட்டிருக்கலாம்.

கணக்கு சொன்னதும் ஜோசி சேட்டன் புருவத்தைத் தூக்கினார். "இருபத்திரண்டா? அத்ரயும் வெள்ளமா?"

"மச்சான் கையால போட்ட கோடு" என்றேன்.

"அப்போ ஸ்பிரிங் மேல வெக்கணும். வேற வழியில்ல. பின்ன, இதுல ஆரு கேறுறது?"

"வண்டி தண்ணியில நிக்காம போகணும், சேட்டா. ஏறுறத நான் பாத்துக்கிறேன்."

அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார். நீங்கள் அவரிடம் காரணம் சொல்லியிருந்தீர்களா, அவர் வாயை மூடிக்கொண்டாரா? கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

பத்து நாள் வேலை நடந்தது. ஸ்பிரிங் மேலே ஏறியது. ஷாக் அப்சார்பர் நீளமானது வந்தது. பிரேக் குழாயை நீட்டினார்கள். பெரிய டயர் வந்தது. திரும்ப ஓட்டிக்கொண்டு வந்தபோது பாலத்தின் மேல் காற்று அடித்தால் வண்டி இடமும் வலமும் ஆடியது. எனக்குப் பெருமையாக இருந்தது, மச்சான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், உங்களுக்குத் தெரியாத ஒன்றை நான் செய்து முடித்துவிட்டதாக நினைத்தேன்.

முதல் அமாவாசை சனிக்கிழமையை ஒட்டி வந்தது. ஐந்து மணிக்கு நான் சந்துக்குள் வண்டியைத் திருப்பினேன். விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் சுவருக்குச் சுவர் நின்றது. போன வருஷம் நின்ற இடத்தைத் தாண்டினேன். எஞ்சின் ஒருமுறைகூட இருமவில்லை. விசிறிக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாணுக்கு மேல் இடைவெளி இருந்தது. வாசல் படியோடு அணைத்து நிறுத்தினேன். அக்கா பர்தா போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

எழுந்து வந்தாள். கதவு நிலையைப் பிடித்தாள். ஜீப்பைக் கீழிருந்து மேலே பார்த்தாள். படி அவள் முழங்காலுக்கு மேலே இருந்தது. காலைத் தூக்கினாள், கொஞ்சம்தான் எழும்பியது. இரண்டாவது தடவை தூக்கினாள். அப்புறம் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் தூக்குறேன்" என்றேன். என் முதுகில் டிஸ்க் ஆபரேஷன் ஆனதும் இரண்டு குடம் தண்ணீர் தூக்க எனக்கு அனுமதி இல்லாததும் அவளுக்குத் தெரியும். தெருவில் நாலு ஆண்கள் நின்றார்கள், நாற்காலியோடு தூக்கி வைத்துவிடுகிறோம் என்றார்கள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. புருஷனும் கூடப்பிறந்தவனும் தொட்டது போக வேறு ஆண் கை தன்மேல் பட்டதில்லை, அது தான் மய்யித்தாகிக் கபருக்குப் போகும் வரை அப்படியே இருக்கட்டும் என்றாள். நோயாளிக்கு அதெல்லாம் கூடும் என்று பள்ளிவாசல் உஸ்தாதே சொல்லியாகிவிட்டது. கூடுமோ கூடாதோ, அவளுக்கு வேண்டாம்.

ஆறு மணி போனது. வண்டி வாசலில் நின்றுகொண்டே இருந்தது. தண்ணீர் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

"ரோட்ட உசத்தினாங்க. அடுத்த வீட்டுக்காரன் ஜாக்கி வச்சு வீட்டையே உசத்திட்டான். நீ வண்டிய உசத்திட்ட" என்றாள் அக்கா. "என்னைய ஆருடா உசத்துறது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. கோபம் வந்தால் எனக்கு நியாயம் பேச வரும். சுவரைக் காட்டினேன். "மச்சான் போட்ட கோட்டப் பாரு, இருபத்திரண்டு அங்குலம் வெள்ளம் கேறுது. உசத்தாம என்ன செய்யச் சொல்ற?"

அக்கா சுவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அது வெள்ளக் கோடு இல்ல, கபீரு. அது என் காலு."

சுவர் பக்கம் போய்க் குனிந்தேன். இந்தத் தடவை கண்ணாடி போட்டுப் படித்தேன். மேலே இருந்த கோடுதான் பழையது, ஐந்து வருஷத்துக்கு முந்தியது. அதற்குக் கீழே பத்தொன்பது அங்குலம். அடுத்தது பதினைந்து. அடுத்தது பன்னிரண்டு. கடைசிக் கோடு பத்து, நீங்கள் போவதற்கு முந்தின மாதத் தேதி. வருஷம் போகப்போகக் கோடு இறங்கியிருக்கிறது. நம் சந்தில் தண்ணீர் என்றைக்கு மச்சான் இறங்கியிருக்கிறது? ஒரு சின்னப் பிள்ளை பார்த்தாலே கேட்டிருக்கும்.

அக்கா சொன்னாள். வருஷத்துக்கு ஒரு தடவை அவளை நிலையைப் பிடித்து நிற்கவைத்து, "முடிஞ்ச மட்டும் தூக்கு, ஜமீலா" என்பீர்களாம். பாதம் எட்டிய இடத்தில் கோடு போடுவீர்களாம். அந்த அளவை எடுத்துக்கொண்டு தோப்பும்படிக்குப் போய் ஒரு பட்டையைக் கழற்றிவிட்டு வருவீர்களாம். படியில் ஒரு காலை வைத்து, அப்படியே பின்பக்கமாகச் சீட்டில் சாய்ந்து உட்கார அவளுக்கு அந்த உயரம்தான் தோதாக இருந்தது. யார் கையும் வேண்டியிருக்கவில்லை. "கபீருட்ட சொல்லாதீங்க, அவன் வந்து காலப் பாத்து அழுவான்னு நான்தான் சொன்னேன்" என்றாள். அவள் சொல்லக்கூடாது என்றதால் என் கிண்டலை எல்லாம் நீங்கள் சாயாவோடு விழுங்கினீர்கள்.

அப்புறம் அவள் சொன்னதை எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுத வேண்டும். "அன்னிக்குக் கூடத்துல நீ சொன்னது எனக்குக் கேட்டுது. தாழ்த்தினதுனாலதான் போனாருன்னு. சரிதான் அது. என் காலுக்குத்தான் அந்த மனுஷன் போனாரு." ஒரு வருஷம், மச்சான். ஒரு வருஷமாக அதை வைத்துக்கொண்டு அவள் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்து போயிருக்கிறாள். வழியில் நான் சொன்ன நகைச்சுவைக்குச் சிரித்துமிருக்கிறாள்.

தண்ணீரில் நின்ற வண்டிக்குள் என் கையைப் பிடித்து நீங்கள் சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நெஞ்சு வலியை மறைக்கச் சொல்லவில்லை நீங்கள். பட்டை கழற்றியதால் வண்டி நின்றது என்பதை அவளிடம் சொல்லாதே என்றீர்கள். அந்த நேரத்திலும் உங்களுக்கு அந்தக் கவலை. நானோ அதை மறுநாளே ஐம்பது பேர் முன்னால் கூவினேன்.

இப்போது உங்களுக்குக் கேட்கத் தோன்றும்: அப்புறம் என்ன செய்தாய்? எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. தண்ணீரின் உண்மையான அளவு எதிர்வீட்டு சுபைதாம்மா சுவரில் இருக்கிறது, பதினேழு அங்குலம். ஜோசி சேட்டனிடம் போய் உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டோம். பதினேழு அங்குலத் தண்ணீரில் நிற்காத அளவுக்கு ஜீப்பை இறக்கினால்கூடச் சீட்டு அக்காவுக்கு எட்டாது. அக்காவுக்கு எட்டும்படி இறக்கினால் முதல் பத்து வீட்டுக்குள் எஞ்சின் நின்றுவிடும். நடுவில் ஏதாவது ஓர் உயரம் இருக்கும் என்று நான் பேப்பரில் எழுதிக்கொண்டே இருந்தேன். சேட்டன் என் கையிலிருந்து பேனாவை வாங்கி மேஜைமேல் வைத்தார். "மதி, கபீரே, போதும்" என்றார். உங்கள் காலத்தில் அந்த நடு உயரம் கொஞ்சம் இருந்திருக்கிறது. அவள் கால் இறங்க இறங்க, தண்ணீர் ஏற ஏற, அது காணாமல் போய்விட்டது.

இரண்டு அடுக்குத் தொங்கு படி செய்து ஒட்டிப் பார்த்தோம். தண்ணீர் இல்லாத ஒரு நாளில் ஏற்றிப் பார்த்தேன். முதல் படியில் நின்றாள், இரண்டாவதற்குக் கால் எழும்பவில்லை, இறங்கவும் முடியவில்லை, உடம்பு நடுங்க அங்கேயே நின்றாள். சுபைதாம்மாவும் அவர் மருமகளும் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள், தூக்கி ஏற்ற அவர்களாலும் முடியவில்லை. ஆம்புலன்ஸ் சந்து முனை வரைக்கும்தான் வரும். பிற்பகல் இடம் கேட்டுப் பெயர் கொடுத்திருக்கிறோம். அங்கே ஓர் இடம் எப்படிக் காலியாகும் என்பது எல்லாருக்கும் தெரியும், அதற்காக துஆ கேட்க முடியுமா? என் வீடு மாடியில். ஆஸ்பத்திரிப் பக்கம் வீடு பார்க்கிறேன் என்றால், அந்தச் சுவரை விட்டு வர மாட்டேன் என்கிறாள்.

இந்தப் பருவத்தில் இதுவரை நான்கு தடவை தவறிவிட்டது. கால் வீக்கம் முழங்காலைத் தாண்டிவிட்டது. இரவில் படுக்க முடியாமல் நாற்காலியிலேயே தூங்குகிறாள். இதயம் இனி அதிகம் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். தை அமாவாசை, மாசி பௌர்ணமி எல்லாம் இன்னும் பாக்கி இருக்கின்றன. "வெள்ளம் வர்ற நாளுல என்னைய விட்டுருடா" என்று அக்கா சொல்லிவிட்டாள்.  நான் இன்னும் நாட்காட்டியைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுது. அன்னிக்குக் கூடத்துல இருந்தவங்க எல்லாரும் மலர் வாங்குவாங்கல்ல? என் பேரையும் போட்டே எழுது" என்றாள். ஆகவே அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் படிக்கட்டும். ஷாகுல் மச்சான் புத்தியில்லாமல் வண்டியைத் தாழ்த்தவில்லை. நான்தான் புத்தியில்லாமல் பேசினேன். மச்சான், உங்களிடம் மன்னிப்புக் கேட்டுப் பயனில்லை. அவளிடம் கேட்டேன். "சாயா ஆறுது, குடி" என்றாள்.

போன வாரம் அவளே சொன்னாள்: "அவரு போனதுக்கப்புறம் ஆரும் கோடு போடல." நான் பென்சில் எடுத்து வந்தேன். நிலையைப் பிடித்து நின்றாள். முதுகு வலிக்க நான் தரையில் உட்கார்ந்தேன். "முடிஞ்ச மட்டும் தூக்கு, அக்கா" என்றேன். தூக்கினாள். ஆறு அங்குலம் இருக்கும். என் கை தானாகப் பென்சிலை இரண்டு விரல் மேலே கொண்டுபோய்க் கோடு இழுத்தது. மேலிருந்து அவள் குரல் கேட்டது, "பொய்க் கோடு போடாதடா. அவரு போட்டதில்ல."

அழித்துவிட்டு, பாதம் நின்ற இடத்தில் போட்டேன். பக்கத்தில் மாதமும் வருஷமும் எழுதினேன். உங்கள் கோட்டுக்குக் கீழே என் கோடு கோணலாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நான் கொடுக்கக்கூடிய வாக்கு இவ்வளவுதான், மச்சான். அந்தச் சுவருக்கு யாரையும் சுண்ணாம்பு அடிக்க விடமாட்டேன். அடுத்த கோட்டையும் நானே குனிந்து போடுவேன், ஒரு நூல்கூடக் கூட்டாமல். அவள் பாதம் தரையை விட்டு எழும்பாத நாள் வந்தால், அன்றைக்குத் தரையோடு தரையாகப் போட்டு, தேதி எழுதுவேன்.

இப்படிக்கு,
உங்கள் ஜமீலாவின் தம்பி, உங்கள் மச்சினன்
கபீர்